உடம்பே மீட்டரானால்

(தம்பானூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



கதிர்வீச்சைப் பற்றித் தமிழில் பேசத் தம்பானூரைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. வெளியே பேருந்து நிலையமும் ரயில் நிலையமும் எதிரெதிரே நிற்கின்றன. நாகர்கோவிலிலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் வந்து இறங்குகிறவர்களில் பலருடைய கையில் பெரிய எக்ஸ்-ரே உறை இருக்கும். அவர்கள் போகிற இடம், இந்த நகரத்து மருத்துவக் கல்லூரி வளாகத்தில் 1981இல் தொடங்கிய மண்டலப் புற்றுநோய் மையம். இங்கிருந்து வடக்கே போனால் கொல்லம் கடற்கரையில் சவறையும் நீண்டகரையும். தெற்கே போனால் மணவாளக்குறிச்சி. இரண்டு பக்கமும் தோரியம் கலந்த மோனசைட் மணல். கன்னியாகுமரியைத் தாண்டிக் கிழக்கே திரும்பினால் கூடங்குளம்: ஆயிரம் மெகாவாட் உலைகள் இரண்டு ஓடுகின்றன, நான்கு எழும்பிக்கொண்டிருக்கின்றன. கதிர்வீச்சால் உயிர் பிழைக்க வருகிறவர், கதிர்வீசும் மண்ணில் பிறந்து வளர்ந்தவர், அணு உலையில் ஒப்பந்த வேலைக்குப் போய்த் திரும்புகிறவர், மூவரும் ஒரே பேருந்தில் அடுத்தடுத்த இருக்கையில் உட்கார்ந்து வரக்கூடிய ஊர் இது. ஆகவே அணுசக்தி வேண்டுமா வேண்டாமா என்ற பழைய பட்டிமன்றத்தை இங்கே மறுபடி நடத்தப் போவதில்லை. அந்தக் கேள்விக்கு இரண்டு பக்கமும் நல்ல வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்ட கேள்வி வேறு. கதிர்வீச்சு விபத்து ஒன்று நடந்தால், நடந்ததை முதலில் கண்டுபிடிப்பது யார்?

எளிய கேள்வியாகத் தோன்றும். கண்டுபிடிக்க வேண்டியவர் கண்காணிப்பாளர். அதற்குத்தானே வாரியம், சட்டம், சம்பளம் எல்லாம்? ஆனால் கடந்த நாற்பது ஆண்டுகளின் நிகழ்ச்சிகளை வரிசையாக எடுத்து வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் முதலில் கண்டுபிடித்தது மனித உடம்பு. கறுத்த தோல், உதிர்ந்த முடி, பரிசோதனைக்கு அனுப்பிய சிறுநீர். கருவி சொல்ல வேண்டியதை உடம்பு சொல்லியிருக்கிறது. கண்காணிப்பு என்றால் உடம்புக்குத் தெரியும் முன் நமக்குத் தெரிவது. நம் நாட்டில் அது ஏன் தலைகீழாக நடக்கிறது? யாரோ ஒரு ஊழியரின் கவனக்குறைவா? அல்ல. கண்காணிப்பவரை நாம் உட்கார வைத்திருக்கும் இடம் சரியில்லை. இதைத்தான் இன்று நிறுவ முயல்கிறேன்.

முதலில் தில்லிக்குப் போவோம். தில்லிப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறை 1968வாக்கில் கனடாவிலிருந்து காமாசெல் என்ற கருவியை வாங்கியது. உள்ளே கோபால்ட்-60. ஆராய்ச்சிக்குப் பயன்பட்டது, 1985க்குப் பிறகு அதை யாரும் தொடவில்லை. ஒரு மூலையில் கிடந்தது. கால் நூற்றாண்டு கிடந்த பிறகு, 2010 பிப்ரவரியில், இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் பழைய சாமான்களோடு சேர்த்து அதையும் ஏலம் விட்டார்கள். வாங்கியவர் பழைய இரும்பு வியாபாரி. கருவி மாயாபுரி என்ற பழைய இரும்புச் சந்தைக்குப் போனது. அங்கே அதைப் பிரித்தார்கள், ஈயக் கவசத்தை உரித்தார்கள், உள்ளே பளபளவென்றிருந்த உலோகத் துண்டுகளைக் கையால் எடுத்தார்கள். ஒருவர் ஒரு துண்டைத் தன் பணப்பையில் வைத்துக்கொண்டார். ஏப்ரல் மாதம் ஒருவருக்குத் தோல் கறுத்து முடி கொட்டத் தொடங்கியபோது, அவரைப் பார்த்த தனியார் மருத்துவமனை மருத்துவர்கள் சந்தேகப்பட்டார்கள்; அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குச் செய்தி போனது. அதன் பிறகே நிபுணர்கள் மாயாபுரிக்கு வந்தார்கள், கடை கடையாக அளந்தார்கள், துண்டுகளைப் பொறுக்கி நரோரா அணுமின் நிலையத்துக்கு எடுத்துப்போனார்கள். ஒரு தொழிலாளி இறந்தார். வேறு பலர் மருத்துவமனையில் கிடந்தார்கள். சர்வதேச அணு நிகழ்வு அளவுகோலில் அது நான்காம் நிலை விபத்து.

இதில் ஒரு கணக்கைக் கவனியுங்கள். கோபால்ட்-60இன் அரை ஆயுள், அதாவது அதன் வலிமை பாதியாகும் காலம், ஐந்தேகால் ஆண்டு. 1968இலிருந்து 2010 வரை ஏறக்குறைய எட்டு அரை ஆயுள்கள் கழிந்துவிட்டன. ஆரம்ப வலிமையில் ஏறத்தாழ இருநூற்றைம்பதில் ஒரு பங்குதான் மிச்சம். அந்த மிச்சம்தான் கொன்றது. நம் வாரியம் பிறந்தது 1983 நவம்பர் 15. கருவி பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது கேட்பதற்கு வாரியமே இல்லை. சரி, ஒப்புக்கொள்வோம். ஆனால் 1983க்கும் 2010க்கும் இடையே இருபத்தேழு ஆண்டுகள் இருந்தன. நாட்டில் எந்தெந்தக் கல்லூரியில், எந்தெந்த மருத்துவமனையில், எந்த மூலையில் என்ன கதிர்வீச்சு மூலம் கிடக்கிறது என்று ஒரு பட்டியல் எடுக்க இருபத்தேழு ஆண்டுகள் போதாதா? மாயாபுரிக்கு இரண்டு ஆண்டு கழித்து, 2012இல், இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் இந்த வாரியத்தின் செயல்பாடு பற்றி ஓர் அறிக்கை கொடுத்தார். கதிர்வீச்சு மூலங்கள் அனைத்தின் விரிவான பட்டியல் வாரியத்திடம் அப்போதும் இல்லை என்று அதில் எழுதியிருக்கிறது.

இது இந்தியாவின் தனிக் குறை என்று யாரும் நினைக்க வேண்டாம். பிரேசில் நாட்டின் கோயானியா நகரில் ஒரு புற்றுநோய்ச் சிகிச்சை நிலையம் இடம் மாறியபோது, சீசியம்-137 உள்ள கருவியைப் பழைய கட்டடத்திலேயே விட்டுவிட்டுப் போனார்கள். 1987 செப்டம்பரில் இரண்டு பேர் அதை எடுத்துப் பிரித்துப் பழைய இரும்புக் கடையில் விற்றார்கள். இருட்டில் நீலமாக ஒளிர்ந்த அந்தத் தூளை அக்கம்பக்கத்தார் ஆசையோடு பங்கிட்டுக்கொண்டார்கள். சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் நோயில் விழுவதைப் பார்த்துச் சந்தேகப்பட்டவர் கடைக்காரரின் மனைவி. அவர் அதை ஒரு பையில் போட்டுப் பேருந்தில் ஏறிச் சுகாதார அலுவலகத்துக்குக் கொண்டுபோன பிறகுதான் அரசுக்குச் செய்தி தெரிந்தது. அவர் உட்பட நான்கு பேர் இறந்தார்கள். ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் பேரைப் பரிசோதிக்க வேண்டியிருந்தது. 249 பேரிடம் கதிரியக்க மாசு இருந்தது. படிப்பறிவும் பணமும் மிகுந்த நாட்டில் இப்படி நடக்காதா? அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சலீஸின் பெயர்பெற்ற சீடார்ஸ்-சைனாய் மருத்துவமனையில், 2008 பிப்ரவரி முதல் பதினெட்டு மாதங்கள், மூளை சி.டி. ஸ்கேன் எடுக்க வந்த 206 பேருக்கு உரிய அளவைப்போல எட்டு மடங்கு கதிர்வீச்சு கொடுத்தார்கள். கருவியில் அமைப்பைத் தப்பாக மாற்றி வைத்துவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் அளவு திரையில் எழுதித்தான் வந்தது. பதினெட்டு மாதம் அதைப் படித்தவர் இல்லை. ஒரு நோயாளிக்குத் தலைமுடி வட்டமாகக் கொட்டியபோது படித்தார்கள்.

இவையெல்லாம் மருத்துவமனையும் பல்கலைக்கழகமும். அணுமின் நிலையங்கள் வேறு, அங்கே கதவுக்குக் கதவு கருவி இருக்கிறது என்பார்கள். இருக்கிறது. கர்நாடகத்தில் கைகா நிலையத்தில் 2009 நவம்பரில் என்ன நடந்தது? ஊழியர்கள் தண்ணீர் குடிக்கும் குளிர்விப்பானில் யாரோ ட்ரிட்டியம் கலந்த கனநீரைக் கலந்துவிட்டார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் குடித்தார்கள். ட்ரிட்டியத்தின் கதிர் தோலைத் தாண்டாது. வெளியே பிடித்து அளக்கும் கருவிக்கு எட்டாது. உள்ளே போனால்தான் கேடு. வழக்கமாக எடுக்கும் சிறுநீர்ப் பரிசோதனையில் அது வெளிப்பட்டது. இருவர் ஆண்டுக் கதிர்வீச்சு வரம்பைத் தாண்டியிருந்தார்கள். வழக்கமான பரிசோதனை இருந்ததால் வெளிப்பட்டது என்று அந்த நிலையத்துக்கு ஒரு மதிப்பெண் கொடுக்கத்தான் வேண்டும், கொடுக்கிறேன். ஆனால் கவனியுங்கள், அங்கேயும் முதல் மீட்டர் உடம்புதான்.

இனிக் கல்பாக்கம். இந்த உரையின் நடுத்தூண் இதுதான். சற்று நிதானமாகச் சொல்கிறேன். 2003 ஜனவரி 21. கல்பாக்கம் அணு எரிபொருள் மறுசுழற்சி ஆலையின் கழிவுத் தொட்டிப் பகுதியில், குறைந்த கதிரியக்கக் கழிவு என்று நம்பி ஒரு மாதிரியை எடுக்கப் போனார்கள் ஊழியர்கள். வால்வு ஒன்று பழுதாகி, கடுங்கதிரியக்கக் கழிவு அந்தத் தொட்டிக்குள் வந்திருந்தது. அவர்களுக்குத் தெரியாது. தெரிவிக்க வேண்டிய அளவுமானி அந்த இடத்தில் பொருத்தப்படவே இல்லை. வால்வு பழுதானதைக் காட்டும் ஏற்பாடும் இல்லை. எடுத்த மாதிரியைச் சோதித்தபோதுதான் கையில் பிடித்திருந்தது என்ன என்று தெரிந்தது. ஆறு பேருக்கு 280 முதல் 420 மில்லிசீவர்ட் வரை கதிர்வீச்சு. கதிர்வீச்சுத் தொழிலாளிக்கு ஓர் ஆண்டில் நம் வாரியம் அனுமதிக்கும் உச்ச வரம்பு 30 மில்லிசீவர்ட். சிறிது நேர வேலையில் பத்து ஆண்டு வரம்பு. ஊழியர் சங்கம் கடிதம் எழுதி, குரல் எழுப்பி, வேலைநிறுத்தம்வரை போன பிறகு, பல மாதங்கள் கழித்தே நிர்வாகம் வெளிப்படையாகப் பேசியது.

அன்று ஒழுங்குமுறை வாரியம் எங்கே இருந்தது? கேளுங்கள். அதற்கு மூன்று ஆண்டுக்கு முன்னால், 2000இல், பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கீழுள்ள ஆலைகள் வாரியத்தின் மேற்பார்வையிலிருந்து அரசாணை மூலம் விலக்கப்பட்டன. அந்த ஆலைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அந்த மையத்தின் உள்குழுவிடமே போனது. கல்பாக்கம் மறுசுழற்சி ஆலை அந்த மையத்தின் கீழ் உள்ளது. தானே நடத்துவது, தானே சோதிப்பது, தானே சான்று தருவது. வேலிக்கு ஓணான் சாட்சி என்று நம் ஊரில் சொல்வார்கள். அந்த உள்குழுவில் இருந்தவர்கள் தகுதியற்றவர்கள் என்று நான் சொல்லவில்லை. நாட்டின் மிகச் சிறந்த விஞ்ஞானிகள் சிலர் அங்கே இருந்திருப்பார்கள். ஆனால் உற்பத்தி நிற்கக் கூடாது என்று தவிக்கிற அதே நிறுவனத்தில் பதவி உயர்வு எதிர்பார்த்து இருக்கிறவர், அளவுமானி பொருத்தும்வரை இந்தத் தொட்டிப் பக்கம் யாரும் போகக் கூடாது என்று ஆலையை மூடச் சொல்வாரா? சொன்னால் நிலைப்பாரா?

வாரியத்தின் அதிகாரம் எட்டுகிற இடங்களிலாவது நிலைமை மேலா? அமைப்பைப் பாருங்கள். 1983இல் வாரியம் ஓர் அரசாணையால் உருவானது. நாடாளுமன்றச் சட்டத்தால் அல்ல. அது அணுசக்தி ஆணையத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஆணையத்தின் தலைவர் யார்? அணுசக்தித் துறையின் செயலாளர். அணுமின் நிலையங்களை நடத்தும் இந்திய அணுமின் கழகம் யாருக்குக் கீழே? அதே துறை. மேற்பார்வை செய்கிறவரும் மேற்பார்வைக்கு உட்பட்டவரும் கடைசியில் ஒரே மேசையின் முன்னால் போய் நின்றார்கள். 1993 முதல் 1996 வரை வாரியத்தின் தலைவராக இருந்த ஏ. கோபாலகிருஷ்ணன், துறையின் நிறுவனங்களில் 130 பாதுகாப்புப் பிரச்சினைகளைத் தொகுத்து அறிக்கை கொடுத்தார். அவருடைய பதவிக்காலம் நீட்டிக்கப்படவில்லை. அதன் பிறகு அவர் வெளியிலிருந்து இதையே தொடர்ந்து எழுதினார். உள்ளே இருந்தபோது கேட்காத காது, வெளியே வந்த பிறகா கேட்கும்?

இங்கே சிலர் எழுந்து கேட்கலாம்: “ஐயா, எத்தனை பேர் இறந்துவிட்டார்கள்? சாலை விபத்தில் இறப்பவர்களோடு, நிலக்கரிப் புகையால் நோயில் விழுபவர்களோடு ஒப்பிட்டால் இது எந்த மூலைக்கு?” நியாயமான கேள்வி. இந்திய அணுமின் நிலையங்களில் கதிர்வீச்சு விபத்தால் ஊர் காலியான நிகழ்ச்சி இல்லை. அதை மறைக்க வேண்டிய தேவை எனக்கு இல்லை. ஆனால் எண்ணிக்கை சிறியதாக இருப்பதற்குக் காரணம் அடுக்கடுக்கான பாதுகாப்புகள். ஒன்று போனால் இன்னொன்று பிடிக்கும் என்ற ஏற்பாடு. அந்த அடுக்குகள் ஒவ்வொன்றாய் உரிவதைச் சாவு எண்ணிக்கை காட்டாது. 1993 மார்ச் 31 அதிகாலை, உத்தரப் பிரதேசத்து நரோராவில் டர்பைனின் தகடுகள் இரண்டு ஒடிந்தன. தீப்பிடித்தது. முதன்மை மின்கம்பியும் மாற்று மின்கம்பியும் தீத்தடுப்புப் பிரிவு இல்லாமல் ஒரே பாதையில் ஓடியதால் இரண்டும் சேர்ந்து எரிந்தன. பதினேழு மணி நேரம் நிலையத்தில் மின்சாரமே இல்லை. ஊழியர்கள் கைவிளக்கோடு உலைக் கட்டடத்தின் மேலே ஏறி, வால்வைக் கையால் திறந்து, போரான் கரைசலைச் செலுத்தி உலையை அடக்கினார்கள். ஒருவரும் கதிர்வீச்சால் சாகவில்லை. கணக்கில் அது பூஜ்யம். அந்த இரவில் ஏறியவர்களின் துணிவைப் பாராட்டுவோம். ஆனால் தகடுகளில் குறை உண்டு என்ற எச்சரிக்கை முன்பே வந்திருந்தது, கம்பிகளைப் பிரித்துப் போட வேண்டும் என்பது பாடப்புத்தகத்து விதி. துணிவு தேவைப்பட்டதே கண்காணிப்பு தோற்றதற்கு அத்தாட்சி.

இன்னொரு மறுப்பு இந்த மண்ணிலிருந்தே எழும். “கதிர்வீச்சு என்ன புது விஷயமா? எங்கள் கடற்கரை மணலே கதிர் வீசுகிறது. தலைமுறை தலைமுறையாய் வாழ்கிறோமே!” உண்மை. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் திருவிதாங்கூர்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலிலிருந்து மோனசைட்டை அடையாளம் கண்டு இந்தக் கரையைத் தேடி வந்தார் என்பது வரலாறு. கருநாகப்பள்ளியில் நம் மண்டலப் புற்றுநோய் மையம் 1990இல் புற்றுநோய்ப் பதிவேடு தொடங்கி, ஏறக்குறைய 70,000 பேரைச் சராசரியாகப் பத்தாண்டுக்கு மேல் பின்தொடர்ந்தது. வீட்டுக்குள்ளும் வெளியிலும் கதிரை அளந்து, அதையும் நோய்க் கணக்கையும் பொருத்திப் பார்த்தது. மணல் கதிர்வீச்சு கூடக் கூடப் புற்றுநோய் கூடவில்லை என்று 2009இல் வெளியிட்டது. நல்ல செய்தி, கதிர்வீச்சு என்ற சொல்லைக் கேட்டாலே நடுங்குகிறவர்கள் அந்த ஆய்வைப் படிக்க வேண்டும். ஆனால் இரண்டு விஷயங்கள். ஆயுள் முழுவதும் துளித்துளியாய்ப் படுவது வேறு, கல்பாக்கத்தில் போலச் சில நிமிடங்களில் படுவது வேறு. இரண்டாவது, இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்: கருநாகப்பள்ளிக் கதிரைப் பற்றி நமக்கு ஏன் பயமில்லை? ஏனென்றால் அளந்தார்கள். அளந்ததை அச்சிட்டார்கள். மணலை விற்கிற நிறுவனம் அளக்கவில்லை. புற்றுநோயைப் பார்க்கிற நிறுவனம் அளந்தது. நான் ஆலைக்கும் மருத்துவமனைக்கும் கேட்பதும் அதே ஏற்பாட்டைத்தான்.

மருத்துவமனை என்றதும் மக்கள் மனத்தில் அச்சம் வருவதில்லை. வரவும் வேண்டாம். மார்பு எக்ஸ்-ரே ஒன்றில் படுவது மில்லிசீவர்ட்டில் ஒரு சிறு பின்னம், ஒரு சி.டி. ஸ்கேன் சில மில்லிசீவர்ட். உலகத்தில் சாதாரண மனிதர் மேல் இயற்கையாய் ஆண்டுக்குப் படுவது சராசரி 2.4 மில்லிசீவர்ட். தேவைப்பட்டால் எடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் கருவி சரியாக இருக்கிறதா, சுவருக்கு உரிய கனம் உண்டா, கதவில் ஈயத் தகடு உண்டா, இயக்குகிற பையன் பயிற்சி பெற்றவனா, அவன் சட்டையில் கதிரை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜ் தொங்குகிறதா, அது மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வுக்கூடத்துக்குப் போகிறதா, அல்லது மேசை இழுப்பறையில் தூங்குகிறதா? 2012 தணிக்கை அறிக்கை இதற்கு ஒரு கணக்குத் தந்தது. நாட்டில் இயங்கிக்கொண்டிருந்த மருத்துவ எக்ஸ்-ரே கருவிகள் 57,443. அவற்றில் வாரியத்திடம் பதிவு பெற்றவை 5,270. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று கண்ணுக்குத் தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தன. விதி மீறியவருக்கு அப்போது உச்ச அபராதம் எவ்வளவு தெரியுமா? ஐந்நூறு ரூபாய். ஸ்கேன் எடுக்க வந்தவர் அதைவிடக் கூடக் கட்டினார்.

அதே அறிக்கையில் இந்த நகரம் பெருமைப்படத்தக்க ஒரு வரி உண்டு. எக்ஸ்-ரே கருவிகளைக் கண்காணிக்க ஒவ்வொரு மாநிலமும் கதிர்வீச்சுப் பாதுகாப்பு இயக்குநரகம் அமைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001இல் சொன்னது. பதினோரு ஆண்டு கழித்து, 2012 ஜூலை கணக்குப்படி, அமைத்திருந்தவை இரண்டே மாநிலங்கள். ஒன்று மிசோரம். இன்னொன்று கேரளம், அதன் அலுவலகம் இந்தத் திருவனந்தபுரத்தில்தான். கல்பாக்கத்தையும் கூடங்குளத்தையும் மடியில் வைத்திருந்த தமிழ்நாடு அந்தப் பட்டியலில் இல்லை. சிலருக்கு இது கசக்கலாம். ஆனால் எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழ் பேசுகிறவர்கள் எல்லைக்கு அந்தப் பக்கம் எடுத்துச் சொல்ல வேண்டிய செய்தி இது. மும்பையிலுள்ள வாரிய அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு தக்கலையில் ஒரு சந்துக்குள் இருக்கும் எக்ஸ்-ரே அறையை யாரும் சோதிக்க முடியாது. மாநிலத்தில் ஆள் வேண்டும், வண்டி வேண்டும், அளவுமானி வேண்டும், கதவைத் தட்டும் அதிகாரம் வேண்டும்.

“கெடுபிடி செய்தால் கிராமத்துச் சின்ன மருத்துவமனைகள் மூடிப்போகும், ஏழைக்கு எக்ஸ்-ரே கிடைக்காது” என்பது அடுத்த மறுப்பு. இதைச் சொல்கிறவர்கள் நல்ல மனத்தோடு சொல்கிறார்கள். ஆனால் பதிவு செய்வது மூடுவது அல்ல. தணிக்கைக்குப் பிறகு வாரியம் இணையவழி உரிமத்தைக் கொண்டுவந்தது. பதிவு வேகமாகக் கூடியது. அதனால் எக்ஸ்-ரே நாட்டிலிருந்து மறைந்துவிடவில்லை. தரம் கெட்ட கருவியில் படம் தெளிவில்லாமல் வந்து மூன்று முறை எடுக்கச் சொன்னால், மூன்று மடங்கு கதிரும் மூன்று மடங்கு கூலியும் அந்த ஏழைக்குத்தானே? மலிவு என்ற பெயரில் அவர் தலையில் விழுவது அதுதான்.

“ரகசியம்” என்ற மறுப்புக்கு நீண்ட பதில் தேவையில்லை. 1962 அணுசக்திச் சட்டம் தகவலை மறைக்க அரசுக்கு விரிந்த அதிகாரம் கொடுத்தது. ஆயுதத் திட்டத்துக்கு ரகசியம் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். கழிவுத் தொட்டியில் அளவுமானி இல்லை என்பது எந்த எதிரி நாட்டுக்குப் பயன்படும்? 2019இல் கூடங்குளத்தின் கணினியில் தீநிரல் புகுந்தது என்று செய்தி வந்தது. நிலையம் முதலில் அப்படி எதுவும் இல்லை என்றது. அடுத்த நாளே, அக்டோபர் 30 அன்று, அணுமின் கழகம் ஆமாம் என்றது. நிர்வாகக் கணினி ஒன்றில்தான், உலையை இயக்கும் அமைப்பில் அல்ல என்றது. இரண்டாவது நாள் சொன்னதை முதல் நாளே சொல்லியிருந்தால் மக்கள் நம்பியிருப்பார்கள். உலை பாதுகாப்பாகத்தான் இருந்தது என்ற நல்ல செய்தியும் அந்த ஒரு நாள் மறுப்பால் மதிப்பிழந்தது. கூடங்குளத்தை அடுத்த இடிந்தகரை மீனவர்கள் எதையும் நம்ப மறுக்கிறார்கள் என்று குறை சொல்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

வலுவான மறுப்பை இறுதியில் வைத்திருக்கிறேன். “அணுவியல் தெரிந்தவர்கள் நாட்டில் கொஞ்சம் பேர்; அவர்கள் எல்லாரும் துறைக்குள் இருக்கிறார்கள். வெளியே ஒரு சுதந்திர வாரியத்தை நிறுத்தினால் ஒன்றும் தெரியாதவர்கள் வந்து உட்காருவார்கள்.” அமெரிக்காவும் இதே வாதத்தைக் கேட்டது. அங்கே அணுசக்தியை வளர்ப்பதும் கட்டுப்படுத்துவதும் ஒரே ஆணையத்தின் வேலையாக இருந்தது. 1974இல் சட்டம் போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். ஜப்பான் பிரிக்கவில்லை. அங்கே கண்காணிப்பு முகமை, அணுமின்சாரத்தை வளர்க்கும் பொருளாதார அமைச்சகத்தின் கீழேயே இருந்தது. 2011 மார்ச்சில் ஃபுக்குஷிமா வந்தது. நாடாளுமன்றம் நியமித்த விசாரணைக் குழு, இது சுனாமி மட்டும் செய்ததில்லை, மனிதர்கள் செய்தது, கண்காணிப்பவரும் கண்காணிக்கப்படுபவரும் கைகோத்ததன் விளைவு என்று எழுதியது. 2012 செப்டம்பரில் ஜப்பானும் பிரித்தது. அங்கேயும் நிபுணர்கள் உள்ளிருந்துதான் வந்தார்கள். நிபுணர் எங்கே படித்தார் என்பது பொருட்டல்ல; இன்று அவர் சம்பளச் சீட்டில் கையெழுத்திடுவது யார், நாளை அவரை மாற்றக்கூடியவர் யார் என்பதே பொருட்டு. இந்தியா 2005இல் ஏற்றுக்கொண்ட அணுப் பாதுகாப்பு உடன்படிக்கை இந்தப் பிரிவினையைக் கேட்கிறது. 2015 மார்ச்சில் வந்த சர்வதேச அணுசக்தி முகமையின் ஆய்வுக்குழுவும் வாரியத்தின் சுதந்திரத்தைச் சட்டத்தில் எழுதச் சொன்னது. 2011இல் கொண்டுவந்த ஒழுங்குமுறை ஆணைய மசோதா மக்களவை கலைந்தபோது காலாவதியானது.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் ‘சாந்தி’ என்ற புதிய அணுசக்திச் சட்டத்தை நிறைவேற்றியது. 1962 சட்டம் போனது. வாரியத்துக்குச் சட்டத் தகுதி வந்தது. கூடவே தனியார் நிறுவனங்களுக்கு அணுமின் கதவும் திறந்தது. முதலாவதை வரவேற்கிறேன், நாற்பது ஆண்டு தாமதமாக வந்தாலும் வந்தது. இரண்டாவது வந்துவிட்டதால் முதலாவதன் சுமை இரட்டிப்பாகிறது. லாபக் கணக்குப் பார்க்கிற ஒருவர் நடத்தும் உலையை நிறுத்தச் சொல்ல, அரசுக் கழகத்தின் உலையை நிறுத்தச் சொல்வதைவிட முதுகெலும்பு இன்னும் நேராக இருக்க வேண்டும். ஆகவே சட்டத்தின் பெயரில் மயங்காமல் நாம் விடாமல் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. வாரியத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் அணுசக்தித் துறைக்கு எத்தனை நாற்காலி? வாரியத்தின் பணம் எந்தத் துறையின் நிதிநிலைக் கணக்கில் வருகிறது? 2000இல் வெளியே தள்ளப்பட்ட ஆலைகளில் ஆயுதத்தோடு தொடர்பில்லாதவையாவது திரும்பி வருமா? ஓர் ஊழியர் வரம்பை மீறிக் கதிர்வீச்சுப் பெற்றால் எத்தனை நாளில் பொதுமக்களுக்குச் சொல்ல வேண்டும்? விதியை மீறினால் கட்ட வேண்டிய தொகை, விதியைப் பின்பற்ற ஆகும் செலவைவிடக் கூடவா, குறைவா? இந்தக் கேள்விகளில் ஒன்றுக்குக்கூட விடை சொல்ல இயற்பியல் பட்டம் தேவையில்லை. கேட்கவும் தேவையில்லை.

தில்லியை எண்ணிப் பெரிய கேள்விகளை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் போதாது. இந்த அரங்கிலிருந்தே தொடங்கக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் 1983க்கு முன்னால் தொடங்கிய பல்கலைக்கழகங்கள், பழைய கல்லூரிகள், மருத்துவமனைகள் ஏராளம். அவற்றின் இயற்பியல், வேதியியல், தாவரவியல் ஆய்வகங்களிலும், கைவிடப்பட்ட சிகிச்சை அறைகளிலும் கதிரியக்க மூலங்கள் உண்டா, கடைசியாக எப்போது அளந்தார்கள், பொறுப்பு அலுவலர் யார், திருப்பி அனுப்பியிருந்தால் அதற்கு ரசீது எங்கே? இங்கே ஆசிரியர்கள் இருக்கிறீர்கள், ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்கள் இருக்கிறீர்கள், மாணவர்கள் இருக்கிறீர்கள். பூட்டிய அறையில் என்ன இருக்கிறது என்று பதிவாளரைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரியாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. மத்திய நிறுவனத்துக்கு மனுப்போட்டால் கட்டணம் பத்து ரூபாய். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். அடுத்த ஏல அறிவிப்பு ஒட்டப்படுவதற்கு முன்னால் மனுவை அனுப்பிவிடுங்கள்.